மனைவியின் மரணசாதனம் முதலில், உங்களுடையது அடுத்ததாக

வெள்ளவத்தையிலிருந்து 74 வயது வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்:

"அரசாங்கக் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவன். சொந்த ஊர் கோப்பாய். மனைவி சுன்னாகம், 70 வயது. 1976 இல் கலியாணம். 1997 இல் என் சம்பளச் சேமிப்பிலும் கடனிலும் வெள்ளவத்தையில் ஒரு பிளாட் வாங்கினேன். உறுதி என் பெயரில் மட்டும். கோப்பாயில் அப்பா வழியில் வந்த தோட்டக்காணியில் எனக்கும் இரண்டு சகோதரருக்கும் பங்கு உண்டு. சுன்னாகத்தில் மனைவியின் சீதன வீடு. கிளிநொச்சியில் அரசாங்கம் பெர்மிட்டில் (அனுமதிப்பத்திரத்தில்) என் பெயருக்குத் தந்த காணி இரண்டு ஏக்கர். வங்கியில் நிலையான வைப்பு. மூத்த மகள் ரொறன்ரோவில், கனேடியக் குடியுரிமை எடுத்துவிட்டாள். மகன் லண்டனில். இளைய மகள் எங்களோடு இருந்து எங்களைப் பார்க்கிறாள். பிளாட் அவளுக்கே போகவேண்டும் என்பது எங்கள் இருவரின் விருப்பம். அதை ஒரு கொப்பித் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தேன். மைத்துனரும் இளைய மகளும் சாட்சி. இது போதுமா, அல்லது இப்போதே நன்கொடை உறுதி முடித்துவிடவா? நான் படுக்கையில் விழுந்தால் பணத்தை யார் எடுப்பது, டொக்டரோடு யார் பேசுவது? மனைவிக்குச் சில மாதங்களாக மறதி கூடிவருகிறது. அவவின் விஷயத்தைப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறேன்."

அன்புள்ள ஐயா,

பிறகு பார்க்கலாம் என்று நீங்கள் தள்ளிவைத்ததைத்தான் முதலில் செய்யவேண்டும். நீங்கள் தெளிவாக இருக்கிறீர்கள், உங்கள் மரணசாதனத்தை (உயிலை) அடுத்த மாதமும் எழுதலாம். உங்கள் மனைவிக்கு அந்த அவகாசம் இருக்குமென்று எண்ணி இருக்க முடியாது. தான் என்ன எழுதுகிறோம் என்பது விளங்கும் நிலையில் அவர் இருக்கும்போது மட்டுமே அவர் வைக்கும் கையெழுத்துக்குச் சட்டத்தில் மதிப்பு. அந்த நிலை தாண்டிவிட்டால் அவருக்காக நீங்களோ பிள்ளைகளோ மரணசாதனம் எழுத முடியாது. நீதிமன்றத்தாலும் முடியாது.

மறதி வந்தவர் மரணசாதனம் எழுதவே கூடாது என்று பலர் நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். அது தவறு. கையெழுத்து வைக்கும் நேரத்தில், தான் மரணசாதனம் எழுதுகிறேன் என்பதும், தன்னிடம் ஏறத்தாழ என்ன சொத்து இருக்கிறது என்பதும், யார் யாரை நினைத்துப் பார்க்கவேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்தால் போதும். காலையில் என்ன சாப்பிட்டேன், இன்று என்ன கிழமை என்று தடுமாறுபவருக்கும் இவை தெளிவாகத் தெரியலாம். ஆனால் பின்னாளில் ஒரு பிள்ளை 'அம்மாவுக்கு அப்போதே புத்தி தெளிவில்லை' என்று வழக்கு வைத்தால், தெளிவாக இருந்தார் என்று காட்டவேண்டிய பொறுப்பு மரணசாதனத்தை முன்வைப்பவர்மேல் விழும். சொத்தைப் பெறப்போகும் பிள்ளையே உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசைக் கூட்டிவந்து, பக்கத்தில் நின்று எழுதுவித்ததாக இருந்தால் நீதிமன்றத்தின் சந்தேகம் இரட்டிக்கும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். மனைவியை வழக்கமாகப் பார்க்கும் வைத்தியரிடமோ மனநல வைத்திய நிபுணரிடமோ கூட்டிப்போய், மரணசாதனம் எழுதும் ஆற்றல் அவருக்கு இருக்கிறது என்று திகதியிட்ட கடிதம் வாங்குங்கள். 'நினைவாற்றல் பரவாயில்லை' என்று பொதுவாக எழுதிய கடிதம் உதவாது. மேலே சொன்ன மூன்றையும் கேட்டு, அவர் சொன்ன பதிலோடு எழுதித் தரச் சொல்லுங்கள். அன்றைக்கே, அல்லது மறுநாள் காலையிலேயே நொத்தாரிசிடம் கையெழுத்து நடக்கட்டும். மறதி உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் காலை நேரம்தான் தெளிவு. நொத்தாரிசு மனைவியோடு தனியாகப் பேசட்டும். இளைய மகள் அந்த அறையில் மட்டுமல்ல, அன்று அந்தக் கந்தோரிலேயே இல்லாமலிருப்பது நல்லது. அவரில் குறை கண்டு சொல்லவில்லை, அவருடைய உரிமையைக் காப்பதற்குத்தான் இது. ஆவணம் தமிழில் இருக்கட்டும். கொழும்பில் பலர் ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்கள். நொத்தாரிசு அனுமதி மொழிவாரியாகக் கொடுக்கப்படுவதால், தமிழில் எழுதும் அனுமதி உள்ளவரைத் தேடுங்கள். உங்கள் மனைவி தானே வாசித்து விளங்கிக்கொண்ட ஒரு பக்கம், யாரோ வாய்மொழியாக விளக்கிய பத்துப் பக்கத்தை விட உறுதியானது.

இனி உங்கள் கொப்பித் தாள். அது மரணசாதனமாக நிற்காது. 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, நொத்தாரிசு முன்னிலையில் ஆகக்குறைந்தது இரண்டு சாட்சிகளோடு கையெழுத்து. மற்றது, நொத்தாரிசு இல்லையென்றால் ஆகக்குறைந்தது ஐந்து சாட்சிகள். எந்த வழியானாலும் சாட்சிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூட இருக்கவேண்டும். இன்று இரண்டு பேர், நாளை மூன்று பேர் என்று வீடு வீடாகப் போய் வாங்கிய ஐந்து கையெழுத்தும் செல்லாது. உங்கள் கையெழுத்து ஆவணத்தின் முடிவில் இருக்கவேண்டும். கையெழுத்துக்குக் கீழே பிறகு நினைவுவந்து சேர்க்கும் வரிகளுக்கு மதிப்பில்லை.

அந்தத் தாளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மரணசாதனத்தில் ஏதும் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சி வைத்தால், ஆவணம் செல்லும், ஆனால் அவருக்கு எழுதிய பங்கு செல்லாது. பிளாட்டைப் பெறவேண்டிய மகளையே நீங்கள் சாட்சியாக்கியிருக்கிறீர்கள். ஐந்து சாட்சி வழி சட்டப்படி சரியென்றாலும், உங்கள் குடும்பத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பல வருடம் கழித்து அந்தச் சாட்சிகளைத் தேடும்போது ஒருவர் காலமாகியிருப்பார், இருவர் வெளிநாட்டில் இருப்பார்கள். நொத்தாரிசுதான் உங்களுக்கு ஏற்ற வழி. அவருக்கு உங்களைத் தெரிந்திருக்கவேண்டும், இல்லையென்றால் உங்களைத் தெரிந்த இரண்டு சாட்சிகளைக் கூட்டிப்போகவேண்டும்.

எழுதுவதற்கு முன் எது உங்களுடையது என்று பார்க்கவேண்டும். நீங்கள் இருவரும் யாழ்ப்பாணத்தவர் என்பதால், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை உங்களோடு கொழும்புக்கும் வருகிறது. வெள்ளவத்தையில் குடியிருப்பதால் மட்டும் அது விட்டுப்போகாது. வடக்கிலே நிரந்தர இருப்பிடம் என்ற தொடர்பு அறுந்துவிட்டதா என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே சாட்சியம் வைத்துப் பார்க்கும் விஷயம். கோப்பாயில் காணி, சுன்னாகத்தில் சீதன வீடு என்று இருக்கும்போது, தேசவழமை உங்களுக்குப் பொருந்தும் என்று வைத்துக்கொண்டே எழுதுங்கள். மலையகத் தமிழருக்கும் மட்டக்களப்புத் தமிழருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கு 1876 ஆம் ஆண்டின் பொதுச் சட்டப்படி, மரணசாதனம் இல்லாமல் இறப்பவரின் சொத்தில் பாதி கணவனுக்கோ மனைவிக்கோ, மீதி பாதி பிள்ளைகளுக்கு.

தேசவழமையில் கணக்கு வேறு. பெற்றோர் வழியில் வந்த முதுசமும் சீதனமும் அவரவர் தனிச்சொத்து. மரணசாதனம் இல்லாமல் நீங்கள் காலமானால் கோப்பாய்ப் பங்கு மூன்று பிள்ளைகளுக்கும் சமனாகப் போகும், மனைவிக்கு அதில் ஒன்றுமில்லை. மனைவி முந்திக்கொண்டால் சுன்னாகம் வீடு பிள்ளைகளுக்கு, உங்களுக்கு ஒன்றுமில்லை. கலியாணத்துக்குப் பின் உழைப்பால் தேடிய தேடியதேட்டத்தில் மட்டும் பாதி மற்றவருக்கும் பாதி பிள்ளைகளுக்கும். வெள்ளவத்தை பிளாட் அப்படிப்பட்ட தேடியதேட்டம். உறுதியில் உங்கள் பெயர் மட்டும் இருப்பதால் முழுவதும் உங்களுடையது என்று முடிவுகட்டாதீர்கள். 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் 1947 இல் திருத்தப்பட்ட பிறகு, ஒருவர் தேடியதில் மற்றவருக்கு வாழும்போதே பாதி உண்டா, இறந்த பிறகுதானா என்பது நீதிமன்றங்களில் நெடுங்காலமாக வாதாடப்பட்ட விஷயம். அந்த வாதத்தில் உங்கள் மகள் மாட்டிக்கொள்ள வேண்டாம். நீங்கள் பிளாட்டில் உங்களுக்குள்ள முழு உரித்தையும் இளைய மகளுக்கு எழுதுங்கள். மனைவியும் அதில் தனக்குள்ள எந்த உரித்தையும் அதே மகளுக்கு எழுதட்டும். பிறகு அந்தப் பாதி யாருடையது என்ற கேள்வியே எழாது. மனைவியின் மரணசாதனம் முதலில் வேண்டும் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இது இரண்டாவது காரணம்.

தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் காணியை உயிரோடிருக்கும்போது விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்பது நெடுங்காலமாக இருந்துவந்த விதி, அது பலருக்குத் தெரியும். மரணசாதனத்துக்கு அந்தச் சம்மதம் தேவையில்லை என்பது தெரியாது. சுன்னாகம் வீட்டை உங்கள் மனைவி தன் விருப்பப்படி யாருக்கும் எழுதலாம். 'எல்லோருக்கும் கொஞ்சமாவது வைக்காவிட்டால் செல்லாது' என்பதும் பிழை. 1844 ஆம் ஆண்டின் மரணசாதனக் கட்டளைச் சட்டம் பிள்ளையையும் முழுதாக விட்டுவிடும் சுதந்திரத்தைக் கொடுக்கிறது. இருந்தாலும் இளையவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதன் காரணத்தை ஆவணத்திலேயே ஒரு வசனத்தில் எழுதுங்கள். கோபமில்லாத வசனமாக இருக்கட்டும். மூத்தவரிடமும் மகனிடமும் இப்போதே நீங்களே தொலைபேசியில் சொல்லிவிடுவது அதைவிட நல்லது. வழக்குக்குப் போகும் பிள்ளைகளில் பலர் பங்கு குறைந்ததால் போவதில்லை, தங்களுக்குச் சொல்லாமல் நடந்தது என்பதால்தான் போகிறார்கள்.

இருவரும் சேர்ந்து ஒரே மரணசாதனமாக எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம். இருவரின் சொத்தையும் ஒன்றாக்கி எழுதிய கூட்டு மரணசாதனத்தின் கீழ், உயிரோடிருப்பவர் பலனை ஏற்றுக்கொண்டால், தன் சொத்தைப் பொறுத்தும் அதை மாற்ற முடியாமல் கட்டுப்பட நேரலாம். மனைவிக்கு ஆற்றல் இருந்ததா என்ற கேள்வி வந்தால் உங்கள் ஆவணமும் அதோடு சேர்ந்து ஆடும். இரண்டு தனித்தனி ஆவணங்கள், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும்படி.

பிளாட்டை மனைவிக்கு நேரடியாக எழுதிவிட்டு 'அவவுக்குப் பிறகு மகளுக்கு' என்று விடுவதையும் தவிருங்கள். மனைவியின் மறதி முற்றிய பிறகு நீங்கள் காலமானால், அவருடைய பெயருக்கு வந்த சொத்தை யாரும் தொட முடியாது. மாவட்ட நீதிமன்றம் விசாரித்து அவருடைய சொத்தைப் பார்க்க ஒரு முகாமையாளரை நியமிக்கும்வரை எல்லாம் நின்றுவிடும். உரித்து மகளுக்கு, உயிருள்ளவரை அனுபவிக்கும் சீவிய உருத்து மனைவிக்கு என்று எழுதுங்கள். வீட்டைவிட்டு யாரும் அவரை எழுப்ப முடியாது, அவருடைய கையெழுத்தும் தேவைப்படாது. மனைவியின் ஆவணத்தில் சீவிய உருத்து உங்களுக்கு.

இதையே நன்கொடை உறுதியாக இப்போது முடிக்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்பது என் கருத்து. செலவு ஒருபுறம்: நன்கொடைக்கு முதல் 50,000 ரூபாவுக்கு 3 சதவீதமும் மீதிக்கு 2 சதவீதமும் முத்திரைத் தீர்வை என்ற கணக்கில், மூன்று கோடி பெறுமதியான பிளாட்டுக்கு ஏறத்தாழ ஆறு இலட்சம் ரூபா வரும். மரணசாதனத்துக்குப் பெறுமதிப்படி அப்படியொரு தீர்வை இல்லை. பெரிய காரணம், திரும்பப் பெற முடியாமை. சீவிய உருத்தை வைத்துக்கொண்டு கொடுத்தாலும் உரித்து அன்றே மகளுக்குப் போய்விடும். நாளை மனைவியின் பராமரிப்புக்குப் பெரும் பணம் தேவைப்பட்டு பிளாட்டை விற்க நினைத்தால் நீங்கள் தனியாக விற்க முடியாது. மகளுக்குக் கடன் வந்தாலோ, அவர் உங்களுக்கு முன் காலமானாலோ, பிளாட் அவருடைய கடன்காரருக்கும் வாரிசுகளுக்கும் உரிய விஷயமாகிவிடும். நன்றிகெட்ட நடத்தையைக் காரணம் காட்டி இரத்துச் செய்வதற்கும் 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பின் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். மரணசாதனத்தையோ, ஆற்றல் இருக்கும்வரை எத்தனை தரமும் மாற்றலாம்.

ரொறன்ரோ மகளுக்குக் காணி எழுத முடியாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வெளிநாட்டவருக்குக் காணி உரித்து மாற்றுவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறதுதான். ஆனால் நெருங்கிய உறவினருக்கு வாரிசுரிமையாலோ மரணசாதனத்தாலோ நன்கொடையாலோ போவதற்கு அதே சட்டம் விலக்கு அளிக்கிறது.

கோப்பாய்க் காணியில் நீங்கள் எழுதக்கூடியது உங்கள் பிரிக்கப்படாத பங்கை மட்டுமே. உறுதி இன்னும் உங்கள் தந்தையின் பெயரிலா, யார் பயிர் செய்கிறார்கள், குத்தகை எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி பத்து வருடத் தடையற்ற எதிர்ஆட்சியால் உரித்தே கைமாறிவிடலாம். சகோதரர்கள் மூவரும் உயிரோடிருக்கும்போதே நில அளவையாளரை வைத்துப் பிரித்து, பிரிவினை உறுதி முடிப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் பேருதவி. மூவரின் பங்கு ஒன்பது பிள்ளைகளின் பங்காகிவிட்டால் ஒரு கையெழுத்துக்கு நான்கு நாடு தேடவேண்டும்.

கிளிநொச்சி பெர்மிட் காணியை மற்றச் சொத்துகளோடு சேர்த்துப் பகிர்ந்து எழுதாதீர்கள். அது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குட்பட்டது. உங்களுக்குப் பின் அதைப் பெறும் பின்னுரித்தாளரைப் பிரதேச செயலகத்தின் ஊடாகப் பெயரிட்டு, உங்கள் வாழ்நாளிலேயே காணிப் பதிவகத்தில் பதிவு செய்யவேண்டும். பெர்மிட்டை எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். பழைய பெயரிடல் ஏதும் இருந்து, நீங்கள் அதை மாற்றாவிட்டால் அதுவே நிற்கும்.

நிலையான வைப்புகளுக்கு வங்கியில் யாரைப் பெயரிட்டிருக்கிறீர்கள் என்று கிளைக்குப் போய் எழுத்தில் கேளுங்கள். உங்கள் மரணத்துக்குப் பின் வங்கி அந்தப் பெயருக்குத்தான் பணத்தைக் கொடுக்கும். மரணசாதனத்தில் ஒருவர், வங்கிப் படிவத்தில் வேறொருவர் என்றிருந்தால் பிள்ளைகளுக்குள் அங்கேதான் முதல் சண்டை தொடங்கும். மனைவியின் விதவைகள் ஓய்வூதியம் மரணசாதனத்துக்கு வெளியே உள்ளது. பதிவு இலக்கமும் விவாகச் சான்றிதழும் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் ஒத்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.

படுக்கையில் விழுந்தால் என்ற கேள்விக்கு, 'மகளுக்கு அற்றோணித் தத்துவம் (எனக்குப் பதிலாகச் செயற்படும் அதிகாரம்) கொடுத்துவிட்டேன், இனிக் கவலையில்லை' என்பதுதான் நான் அடிக்கடி கேட்கும் பதில். கை கால் இயலாமல் புத்தி தெளிவாக இருக்கும்வரை அது உதவும். புத்தி தெளிவிழந்தால் அதன் அதிகாரமும் போகும், மரணத்தோடு முற்றாக முடியும். அதற்குப் பிறகு சட்டப்படியான வழி மாவட்ட நீதிமன்றம் நியமிக்கும் முகாமையாளர்தான், அதற்கு நாள் செல்லும். எனவே வைத்தியசாலைச் செலவுக்கும் ஆறேழு மாத வீட்டுச் செலவுக்கும் போதுமான தொகையை உங்களுக்கும் இளைய மகளுக்கும் பொதுவான, இருவரில் எவரும் எடுக்கக்கூடிய கணக்கில் வையுங்கள். மனைவியோடு பொதுவாக வைத்திருக்கும் கணக்கு இந்தத் தேவைக்கு உதவாது. அந்தப் பணம் எதற்காக, மிஞ்சினால் யாருக்கு என்று மரணசாதனத்தில் ஒரு வரி எழுதினால் மகள் மேல் பழி வராது.

வைத்திய முடிவுகள் பற்றி: சுவாசக் கருவி வேண்டாம், இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயலவேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதைக் கட்டாயமாக்கும் தனிச்சட்டம் இலங்கையில் இல்லை. அதற்காக எழுதாமல் இருக்காதீர்கள். நினைவிழந்தவரின் விருப்பம் தெரியாதபோது வைத்தியர் குடும்பத்தைக் கேட்பார், குடும்பம் இரண்டுபடும், லண்டனிலிருந்து ஒரு குரல், ரொறன்ரோவிலிருந்து வேறொரு குரல். உங்கள் கையெழுத்தோடு, திகதியோடு ஒரு பக்கம் இருந்தால் அந்த இடத்தில் அது பேசும். தேறும் வாய்ப்பில்லை என்று இரண்டு வைத்தியர்கள் சொன்னால் எதுவரை சிகிச்சை வேண்டும், மூக்குக் குழாய் வழியே உணவு வேண்டுமா, கடைசி நாட்கள் வீட்டிலா வைத்தியசாலையிலா, குடும்பத்தில் யார் ஒருவர் பேசவேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். வலி நீக்கும் மருந்தை எப்போதும் நிறுத்தவேண்டாம் என்பதையும் சேருங்கள். மனைவியிடமும் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இதையும் தகனம், கண் தானம் பற்றிய விருப்பத்தையும் மரணசாதனத்துக்குள் வைக்காதீர்கள். மரணசாதனத்தைப் பிரிப்பது பெரும்பாலும் செத்தவீடு முடிந்த பிறகு. கண் தானத்துக்குச் சில மணி நேரமே உண்டு.

மரணசாதனத்தில் எழுதியதை நடத்திவைக்கும் நிறைவேற்றுநராகக் கொழும்பில் இருப்பவரையே போடுங்கள். அவர் இல்லாமற்போனால் யார் என்று இரண்டாவது பெயரும் வேண்டும். இளைய மகள் சொத்துப் பெறுபவராக இருந்தாலும் நிறைவேற்றுநராக இருக்கலாம். அவர்தான் மூல மரணசாதனம், மரணச் சான்றிதழ், சொத்துவிபரம், வாரிசுகளின் பெயர் விலாசங்களோடு புதுக்கடை மாவட்ட நீதிமன்றத்தில் மனுப்போட்டு, பத்திரிகை அறிவித்தல் போட்டு, எதிர்ப்பில்லையென்றால் நிறைவேற்றுச் சான்று எடுக்கவேண்டும். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் ஒத்துக்கொண்டால் அவர்களுடைய சம்மதக் கடிதங்களை அந்த நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பலாம், வேலை வேகமாகும்.

நொத்தாரிசிடம் போகும்போது பிளாட்டின் உறுதி, கூட்டாதனத் திட்ட வரைபடத்தின் இலக்கமும் உங்கள் அலகு இலக்கமும், கொழும்புக் காணிப் பதிவகத்தில் அண்மையில் எடுத்த பதிவேட்டுப் பிரதி, மாநகரசபை மதிப்பீட்டு இலக்கம், சுன்னாகம் கோப்பாய் உறுதிகள், இருவரின் அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் முழுப்பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி, எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். 'என் வெள்ளவத்தை வீடு' என்று மட்டும் எழுதிய ஆவணங்களால்தான் பின்னாளில் காணிப் பதிவகத்தில் இழுபறி வருகிறது. 'மேலே சொல்லாத மற்றெல்லாச் சொத்தும் இன்னாருக்கு' என்ற வரியும், இளைய மகள் உங்களுக்கு முன் காலமானால் பிளாட் யாருக்கு என்ற வரியும் இரண்டு ஆவணங்களிலும் இருக்கவேண்டும். நொத்தாரிசுகள் கேட்காமலே சேர்ப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள்.

கையெழுத்தான மூலப்பிரதியை உங்கள் பெயரிலுள்ள வங்கிப் பெட்டகத்தில் பூட்டாதீர்கள். நீங்கள் காலமான செய்தி போனதும் வங்கி அதைத் திறக்க விடாது, திறப்பதற்கான அதிகாரம் அந்தப் பெட்டகத்துக்குள்ளேயே இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில், மடிக்காமல், கடிதஉறையில் வையுங்கள். நீங்கள் வைத்திருந்த மூலம் மரணத்துக்குப் பின் கிடைக்காவிட்டால், நீங்களே கிழித்து இரத்துச் செய்துவிட்டீர்கள் என்று கருத இடமுண்டு. நொத்தாரிசின் பெயரையும் ஆவண இலக்கத்தையும் திகதியையும் மூன்று பிள்ளைகளுக்கும் அனுப்பிவிட்டு, அந்தக் கொப்பித் தாளைக் கிழித்துவிடுங்கள்.